ஒரே நோய், மூன்று வைத்தியம்: விழித்திரை விலகலில் கேஸ், எண்ணெய், பெல்ட்

மேலமாசி · 3 ஜூன் 2024, இரவு 9:40

மாமாவுக்கு வலக்கண்ணில் ரெட்டினா விட்டுப்போய், கேஸ் அடைத்து, இடப்பக்கமாகச் சாய்ந்தே படுக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சித்திக்குப் போன வருடம் இதே ரெட்டினா விலகல்தான். அவருக்குச் சிலிகான் எண்ணெய். பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையனுக்கு இரண்டும் இல்லை, கண்ணைச் சுற்றி பெல்ட் கட்டியிருக்கிறதாம். ஒரே நோய்க்கு எப்படி மூன்று வைத்தியம்? எந்த ஆஸ்பத்திரியில் எந்த மிஷின் இருக்கிறதோ அதை நம் தலையில் கட்டுகிறார்கள் என்பது என் கணிப்பு. இல்லையென்றால் காரணம் சொல்லுங்கள்.

குழிவில்லை · 3 ஜூன், இரவு 10:55

மிஷின் இருப்பதும் இல்லாததும் ஓரளவு தீர்மானிக்கத்தான் செய்கிறது. ஆனால் அது கடைசிக் காரணம். முதலில் பார்ப்பது கிழிசல் எந்த மணியில் இருக்கிறது என்பதை. கண்ணைக் கடிகார முகமாக வைத்து 12 மணி மேலே, 6 மணி கீழே என்று குறிப்பார்கள். பிறகு, கிழிசல் ஒன்றா பலவா, மேக்குலா (நேராகப் பார்க்க உதவும் விழித்திரையின் நடுப்பகுதி) ஒட்டியிருக்கிறதா விட்டுவிட்டதா, உள்ளே உள்ள ஜெல் விழித்திரையை விட்டு ஏற்கெனவே கழன்றுவிட்டதா, நோயாளிக்கு என்ன வயது, புரை ஆபரேஷன் முடிந்த கண்ணா. இவ்வளவும் தெரிந்தால் மூன்றில் எது என்பது பெரும்பாலும் தானே முடிவாகிவிடும்.

உள்ளே நடப்பது இது. விழித்திரையில் ஒளியை வாங்கும் நரம்பு அடுக்கு முன்னால், நிறமி அடுக்கு பின்னால். இரண்டுக்கும் இடையில் உறுதியான பிணைப்பு கிடையாது. நிறமி அடுக்கு இடையில் உள்ள நீரை ஓயாமல் உறிஞ்சி வெளியே தள்ளிக்கொண்டிருப்பதுதான் ஒட்டி நிற்பதற்கு முக்கியக் காரணம். கண்ணுக்குள் சுமார் 4 மி.லி. ஜெல் இருக்கிறது. வயதாக ஆக அது நீர்த்துச் சுருங்கி, ஒரு நாள் விழித்திரையை விட்டுக் கழன்றுவிடும். பெரும்பாலோருக்கு அத்தோடு சரி. சிலருக்கு அது இறுகப் பிடித்திருக்கும் இடத்தில் இழுத்து, குதிரைலாட வடிவில் கிழித்துவிடும். நீர்த்த ஜெல் அந்தக் கிழிசல் வழியாகப் பின்னால் புகுந்து அடுக்குகளைப் பிரித்துக்கொண்டே போகும். ஒளியை வாங்கும் செல்களுக்கு ஆக்சிஜன் பின்பக்க ரத்தக்குழாய்களிலிருந்து வருவது. பிரிந்த பகுதிக்கு அது எட்டாது. அதனால்தான் அவசரம்.

ஆகவே கிழிசலைக் கண்டுபிடி, மூடு, புதிதாக வழி திறக்காமல் பார். கேஸ், எண்ணெய், பெல்ட் மூன்றும் மூடுவதற்கான வழிகள்தான்.

குழிவில்லை · 3 ஜூன், இரவு 11:20

விட்டுப்போன ஒன்று. நிழல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று நோயாளியிடம் கேட்பது சும்மா இல்லை. கண்ணுக்குள் பிம்பம் தலைகீழ். பார்வையில் கீழிருந்து திரை ஏறுகிறது என்றால் விலகல் விழித்திரையின் மேல்பாதியில். மேலே உள்ள நீர் எடையால் கீழே வழிந்து மணிக்கணக்கில் மேக்குலாவைத் தொட்டுவிடும். மேலிருந்து திரை இறங்குகிறது என்றால் விலகல் கீழே. அது மெதுவாக ஏறும், வாரக்கணக்கில் யாருக்கும் தெரியாமலேகூட இருக்கும். முதலாமவர்தான் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்.

இருபது டயாப்டர் · 4 ஜூன், காலை 7:15

திரை விழும் வரை காத்திருக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு முன்பே இரண்டு எச்சரிக்கை வரும். ஒன்று, ஓரத்தில் மின்னல் வெட்டுவது. இருட்டில், கண்ணை அசைக்கும்போது அதிகம் தெரியும். ஜெல் விழித்திரையை இழுக்கிறது என்று அர்த்தம். இன்னொன்று, பார்வையில் பூச்சி பறப்பதுபோல் தெரிவது. வருடக்கணக்காக ஒன்றிரண்டு பறப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். திடீரென்று புகைக்கரி தூவியதுபோல் நூற்றுக்கணக்கில் வந்தால் அது ரத்தமோ நிறமித் துகளோ. இந்த அறிகுறிகளோடு ஜெல் கழன்று வருபவர்களில் ஏறத்தாழ 10 முதல் 15 சதவீதம் பேருக்குக் கிழிசல் இருக்கும். உள்ளே ரத்தமும் கசிந்திருந்தால் மூன்றில் இருவருக்கு இருக்கும்.

வீட்டிலேயே செய்யக்கூடியது: ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுக்க மூடி மற்றக் கண்ணால் சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டே, இன்னொருவரை நான்கு பக்கமும் விரலை ஆட்டச் சொல்லுங்கள். எந்தப் பக்கமாவது விரல் மறைந்தால் சந்தேகம்தான். இரு கண்ணும் திறந்திருந்தால் ஒன்றின் குறையை மற்றது மறைத்துவிடும். பலர் தாமதமாக வருவது இதனால்தான்.

கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது இதற்குச் சோதனை இல்லை. சொட்டுமருந்து விட்டுப் பாப்பாவை விரித்து, தலையில் மாட்டும் இன்டைரக்ட் கருவியும் 20 டயாப்டர் லென்ஸும் வைத்து, கண்ணின் ஓரத்தை வெளியிலிருந்து அழுத்தி உருட்டிப் பார்க்க வேண்டும். கிழிசல்கள் பெரும்பாலும் ஓரத்தில். அழுத்தாமல் பார்த்தால் தவறிவிடும்.

சந்தேகராமன் · 4 ஜூன், காலை 8:02

அப்போ பூச்சி பறக்குதுன்னு போனா கடைக்காரர் ப்ளூ கட் கண்ணாடி மாட்டி விடுறது வைத்தியம் இல்லையா? பூச்சிக்கும் நல்லா தெரியட்டும்னு நினைச்சேன்.

லேசிக் பண்ணிக்கிட்டவங்களுக்கு இந்தக் கவலை கிடையாதுதானே? மைனஸ் 8 இருந்தது இப்போ ஜீரோ.

இருபது டயாப்டர் · 4 ஜூன், காலை 8:30

கவலை அப்படியே இருக்கிறது. லேசிக் முன்பக்கக் கருவிழியைத்தான் சீவுகிறது. மைனஸ் 8 கண் நீளமான கண். நீளத்தால் ஓரத்தில் விழித்திரை மெலிந்திருக்கும், லாட்டிஸ் என்னும் வலைபோன்ற தேய்மானம் அவர்களுக்கு அதிகம். பவர் போனாலும் நீளம் போகவில்லை. பழைய பவரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்துப் பார்க்கும் டாக்டருக்குக் கண்ணாடி இல்லாத உங்கள் முகத்தைப் பார்த்து அது தெரியாது. புரை ஆபரேஷன் செய்தவர், கண்ணில் பந்து பட்டவர், குடும்பத்தில் விலகல் உள்ளவர், ஒரு கண்ணில் ஏற்கெனவே வந்தவர் ஆகியோரும் இதே வரிசை. ஒரு கண்ணில் வந்தால் மற்றக் கண்ணில் வரும் வாய்ப்பு சுமார் 10 சதவீதம்.

இன்னொன்று: முதல் சோதனையில் கிழிசல் இல்லை என்றாலும் 4 முதல் 6 வாரத்தில் மறுபடி விரித்துப் பாருங்கள். ஜெல் ஒரே நாளில் முழுக்கக் கழல்வதில்லை. விரித்த மருந்து நாலைந்து மணி நேரம் நிற்கும், வண்டி ஓட்டாதீர்கள்.

மேலமாசி · 4 ஜூன், மதியம் 1:10

கிழிசலை முன்பே பார்த்துவிட்டால் லேசரோடு முடிந்துவிடுமா? அப்படியென்றால் எல்லோருக்கும் முன்கூட்டியே லேசர் போட்டுவிடலாமே.

குழிவில்லை · 4 ஜூன், மாலை 6:45

நீர் புகாத, அல்லது சுற்றிலும் சிறிதளவே புகுந்த கிழிசலுக்கு லேசர் போதும். கிழிசலைச் சுற்றி இடைவெளியில்லாமல் மூன்று வரிசை. கிழிசலின் மேல் போடுவதில்லை. சுற்றியுள்ள ஒட்டிய விழித்திரையில்தான். முன் ஓரத்தில் லேசர் எட்டாவிட்டால் கிரையோ, அதாவது வெளியிலிருந்து உறைய வைப்பது. சாதாரணமாக நழுவுவது இங்கேதான்: பின்பக்கம் அழகாகப் போட்டுவிட்டு முன் ஓரத்தைத் திறந்தே விட்டுவிட்டால், நீர் அந்த வழியில் புகுந்து லேசரைத் தாண்டிவிடும்.

போட்ட நொடியில் ஒட்டாது. தழும்பு உருவாகி முழு வலு வர 10 முதல் 14 நாள் ஆகும். அந்த இரண்டு வாரமும் கனம் தூக்குவதும் தலை அதிரும் விளையாட்டும் வேண்டாம். புதுத் திரை தெரிந்தால் தேதி வரும் வரை காத்திருக்காமல் போக வேண்டும்.

எல்லோருக்கும் முன்கூட்டியே என்பது சரியல்ல. அறிகுறியோடு வந்த குதிரைலாடக் கிழிசலுக்கு லேசரில் தாமதம் கூடாது. அறிகுறி இல்லாத லாட்டிஸ், சிறு வட்ட ஓட்டைகள் இவற்றைப் பெரும்பாலும் பார்த்துக்கொண்டே இருந்தால் போதும். லாட்டிஸ் இருப்பவர்களில் மிகச் சிலருக்கே விலகுகிறது. விலகும்போது கிழிவது பல நேரம் லாட்டிஸே இல்லாத இடத்தில்.

குழிவில்லை · 4 ஜூன், மாலை 7:30

உங்கள் பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஏன் பெல்ட் என்பதற்கு வருகிறேன். இருபது வயதில் ஜெல் கெட்டியாக, விழித்திரையோடு ஒட்டியே இருக்கும். அவர்களுக்கு விலகல் வருவது பெரும்பாலும் லாட்டிஸுக்குள் உள்ள வட்ட ஓட்டையாலோ, அடிபட்டு ஓரம் பிய்ந்ததாலோ. உள்ளே போய் ஜெல்லை வெட்டியெடுக்க வேண்டுமானால் முதலில் அதைப் பிரித்தாக வேண்டும். பிரிக்கும்போதே புதுக் கிழிசல் வரும். போதாததற்கு ஜெல் எடுத்த கண்ணில் புரை சீக்கிரம் வரும். இருபது வயதில் லென்ஸை இழந்தால் கிட்டத்தில் பார்க்கவும் தூரத்தில் பார்க்கவும் கண்ணை மாற்றி மாற்றிக் குவிக்கும் திறன் போய்விடும். வெளியிலிருந்து கட்டினால் இது எதுவும் இல்லை.

கண்ணின் வெள்ளைச் சுவரின் மேல், நான்கு நேர்த் தசைகளின் அடியில் சிலிகான் பட்டையை நுழைத்து, சுற்றிலும் தைத்து இறுக்குவார்கள். வழக்கமான சுற்றுப்பட்டை 2.5 மி.மீ. அகலம். கிழிசல் இருக்கும் இடத்தில் அகலமான சிலிகான் துண்டு சேரும். சுவர் உள்ளே குழிந்து கிழிசலைத் தாங்கும், ஜெல்லின் இழுப்பு தளரும், கிழிசலைச் சுற்றிக் கிரையோ. பின்னால் நீர் நிறைய இருந்தால் வெளியிலிருந்து சிறு துளையிட்டு வடிப்பார்கள். ரத்தக்கசிவு, விழித்திரை அத்துளையில் சிக்குவது இரண்டும் இந்த இடத்தில் நடக்கக்கூடியவை.

பட்டை ஆயுளுக்கும் உள்ளேயே இருக்கலாம். சுற்றி இறுக்குவதால் கண் நீண்டு மைனஸ் பவர் கூடும்; கண்ணாடியை உடனே மாற்றாமல் இரண்டு மூன்று மாதம் கழித்து மாற்றுவது நல்லது. தசையடியில் போவதால் சிலருக்கு இரட்டைப் பார்வை. பெரும்பாலும் வாரங்களில் சரியாகும். வருடங்கள் கழித்து ஓயாத சிவப்பும் பீளையும் என்றால் பட்டை வெளியே துருத்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

பச்சைத்துணி · 5 ஜூன், இரவு 9:05

உள்ள போய் ஜெல்லை எடுக்கற விட்ரெக்டமியை நான் சொல்றேன், தியேட்டர்ல தினம் எடுத்துக் கொடுக்கறதுதான். கண்ணைச் சுத்தி மரத்துப்போற ஊசி. 5 சதவீத பொவிடோன் அயோடின் கண்ணுக்குள்ள விட்டு மூணு நிமிஷம் நிஜமா காத்திருக்கணும், அவசரப்படுத்தினா இன்ஃபெக்ஷனுக்கு வாசல். அப்புறம் மூணு துளை. கருவிழி ஓரத்துலருந்து இயற்கை லென்ஸ் இருந்தா 4 மி.மீ., வெச்ச லென்ஸா இருந்தா 3.5. 23 அல்லது 25 கேஜ், அவ்வளவு மெல்லிசுங்கறதால தையல் பெரும்பாலும் வேண்டாம். ஒரு துளையில தண்ணி உள்ள போகும், ஒண்ணுல லைட், ஒண்ணுல கட்டர். தண்ணிக்குழாயோட நுனி நிஜமா உள்ள வந்திருக்கான்னு கண்ணால பாத்துட்டுத்தான் திறக்கணும். இல்லேன்னா விழித்திரைக்கு அடியில ஏத்திடுவோம்.

நடு ஜெல்லை எடுத்துட்டு, ட்ரையாம்சினலோன் தூவினா மிச்சம் வெள்ளையா தெரியும். ஓரத்தை வெளியிலருந்து அழுத்தி அழுத்தி சீவணும். நேரம் பிடிக்கறது இதுதான். பாதில விட்டா அந்த மிச்சமே பின்னாடி இழுக்கும். தேவைன்னா தண்ணியைவிட கனமான பெர்ஃப்ளுரோகார்பன் திரவத்தை விட்டு விழித்திரையை அமுக்கி நீரை கிழிசல் வழியா வெளியேத்துவோம், அப்புறம் அந்தத் திரவத்தை ஒரு சொட்டு விடாம எடுக்கணும். தண்ணியை எடுத்து காத்து, லேசர், கடைசில கேஸ்.

கேஸ் கலக்கறது எங்க வேலை. 50 மி.லி. சிரிஞ்சுல எஸ்எஃப்6 20 சதவீதம்னா 10 கேஸ், 40 வடிகட்டின காத்து. சி3எஃப்8 14 சதவீதம்னா 7க்கு 43. ரெண்டு பேர் வாய்விட்டு சொல்லி சரிபாக்கணும். கேஸை நீர்க்காம முழுசா அடைச்சா உள்ள விரிஞ்சு பிரஷர் ஏறி ராத்திரியோட பார்வை போயிடும்.

மேலமாசி · 5 ஜூன், இரவு 9:50

சிஸ்டர், குப்புறப் படுக்காவிட்டால் ஒட்டாது என்கிறார்களே. மாமாவுக்கு இடப்பக்கம் சாயச் சொன்னது தவறா?

பச்சைத்துணி · 5 ஜூன், இரவு 10:00

எங்ககிட்ட எல்லாருக்கும் குப்புறதான் சொல்லி அனுப்புறோம்.

குழிவில்லை · 5 ஜூன், இரவு 10:40

எல்லோருக்கும் என்பதை இன்னும் கொஞ்சம் பிரிக்கலாம் சிஸ்டர். கண்ணுக்குள் கேஸ் கொத்தனாரின் ரசமட்டத்தில் உள்ள குமிழி மாதிரி. கண்ணை எப்படித் திருப்பினாலும் அது மேலேதான் போய் நிற்கும். ஆகவே கிழிசலை மேலே கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. மாமாவுக்கு வலக்கண், கிழிசல் காதுப்பக்கம் என்றால் அவர் இடப்பக்கம் சாய்ந்து படுத்தால்தான் அது மேலே வரும். 12 மணியில் இருந்தால் உட்கார்ந்தாலே போதும். ஆக, இடப்பக்கம் என்று சொன்னவர் கிழிசலைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருக்கிறார்.

குப்புறம் எங்கே வருகிறது என்றால், மேக்குலா விட்டுப்போன கண்ணில் முதல் சில மணி நேரத்துக்கு. மிச்சம் இருக்கும் நீர் மேக்குலா பக்கம் தேங்கி மடிப்பு விழாமலும் விழித்திரை நகர்ந்து ஒட்டாமலும் இருக்க. அதன்பிறகு கிழிசல் சொல்கிற பக்கம். மேக்குலாவில் ஓட்டை விழும் நோய் வேறு. வாரம் முழுக்கக் குப்புறப் படுக்கும் கதைகள் பெரும்பாலும் அதிலிருந்து வருகின்றன.

எல்லோருக்கும் பொதுவான தடை ஒன்று: கேஸ் இருக்கும் வரை மல்லாந்து படுக்கக் கூடாது. குமிழி முன்னால் வந்து லென்ஸைத் தொட்டால் புரை, கருவிழிக்குப் பின்னால் உள்ள முன்னறையை நெருக்கினால் பிரஷர்.

குழிவில்லை · 5 ஜூன், இரவு 10:58

கேஸ் விழித்திரையை அழுத்தி ஒட்டவைக்கிறது என்று நினைப்பவர்கள் அதிகம். அழுத்தத்தைவிட, குமிழியின் மேற்பரப்பு கிழிசலை அடைப்பதுதான் வேலை. வழி அடைபட்டதும் பின்னால் உள்ள நீரை நிறமி அடுக்கே ஓரிரு நாளில் உறிஞ்சிவிடும். லேசர் தழும்பு பிடிக்கும் வரை குமிழி காவல். அதனால் வெறும் காற்று ஒரு வாரத்துக்குள் கரைந்தாலும் சிலருக்கு அதுவே போதும். எஸ்எஃப்6 சுமார் இரண்டு வாரம், சி3எஃப்8 ஆறு முதல் எட்டு வாரம். கிழிசல் கீழே இருந்தாலோ பல இருந்தாலோ நீண்டது.

குமிழி கரையும்போது மாமா பயந்துவிடப் போகிறார், முன்பே சொல்லிவிடுங்கள். முதலில் கை அசைவுதான் தெரியும். பிறகு பார்வையின் மேல்பக்கம் தெளிந்து, தண்ணீர்மட்டம்போல் ஒரு கோடு தெரிந்து, நாளுக்கு நாள் கீழே இறங்கும். கடைசியில் அடியில் ஒரு கறுப்பு உருண்டை, சில நேரம் உடைந்து நாலைந்து குட்டிகள், பிறகு ஒன்றுமில்லை. இறங்கும் கோடு நல்லது. அதற்கு மேலே தெளிந்த பகுதியில் புதிதாக நிழல் வந்தால் மட்டும் ஓடுங்கள்.

சந்தேகராமன் · 6 ஜூன், காலை 6:50

தலைகீழா தெரியுறதால மாமா குமிழி கீழ இருக்குன்னு தலையைக் கீழ தொங்கவிடாம பாத்துக்குங்க.

மேலமாசி · 6 ஜூன், காலை 11:30

அடுத்த வாரம் கொடைக்கானலில் கல்யாணம். மாமா வருவேன் என்கிறார். விமானம்தானே கூடாது, காரில் போகலாம் அல்லவா?

குழிவில்லை · 6 ஜூன், மதியம் 12:05

கூடாது. விமானம் கூடாது என்பதற்கு இறக்கை காரணம் இல்லை, உயரம். கொடைக்கானல் சுமார் 2100 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குக்கும் சற்றுக் குறைவு. குமிழி கால் பங்குக்கு மேல் விரியப் பார்க்கும். கண் விரியாது, அதனால் பிரஷர் ஏறும், விழித்திரையின் ரத்தக்குழாய் நெரிபடும். ஊட்டி 2200 மீட்டருக்கும் மேலே, இன்னும் மோசம். விமானத்தின் உள்ளழுத்தமும் ஏறக்குறைய இந்த உயரத்துக்குச் சமம்தான். மலைச்சாலையில் வலி, குமட்டல், பார்வை இருண்டுபோவது வந்தால் மேலே போகாமல் உடனே கீழே இறங்குவதே முதலுதவி. மதுரையிலிருந்து சென்னைக்கு ரயிலில் போவதில் தடையில்லை.

கீழே ஆபரேஷன் செய்துகொண்டு மலையில் இருக்கும் வீட்டுக்குத் திரும்புவோரிடம் யாரும் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. ஊட்டி, வால்பாறை, ஏற்காடு, நுவரெலியா, எங்கிருந்து வந்தாலும் ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். கேஸுக்குப் பதில் எண்ணெய் தேர்வு செய்ய அது ஒன்றே போதுமான காரணமாகலாம்.

பச்சைத்துணி · 6 ஜூன், மதியம் 2:20

அதோட நைட்ரஸ் ஆக்சைடு. கேஸ் உள்ள இருக்கறப்ப வேற ஆபரேஷனுக்கோ பல்லுக்கோ மயக்க மருந்து குடுக்கணும்னா, கண்ணுல கேஸ் இருக்குன்னு மயக்க டாக்டர்கிட்ட சொல்லியே ஆகணும். அந்த வாயு குமிழிக்குள்ள புகுந்து நிமிஷக்கணக்குல பெருக்கிடும். கையில எச்சரிக்கைப் பட்டை கட்டி அனுப்பினா குளிக்கறப்ப இடைஞ்சலா இருக்குன்னு அறுத்துப் போடாதீங்க.

மேலமாசி · 7 ஜூன், இரவு 8:15

ஊசியில் கேஸ் மட்டும் போட்டு முடிக்கும் வழி ஒன்று இருக்கிறதாமே, தியேட்டர் செலவே இல்லாமல். அதை ஏன் மாமாவுக்குச் சொல்லவில்லை?

குழிவில்லை · 7 ஜூன், இரவு 9:30

நியூமேட்டிக் ரெட்டினோபெக்ஸி. ஹில்டன், கிரிஸார்ட் என்ற டாக்டர்கள் 1986இல் எழுதியது. நிபந்தனை உண்டு: கிழிசல் மேற்பக்கம், 8 மணியிலிருந்து 12 வழியாக 4 மணிக்குள், பல இருந்தாலும் ஒரு மணி அகலத்துக்குள் நெருங்கி இருக்க வேண்டும், நோயாளி சொன்னபடி தலையை வைத்திருக்கக் கூடியவராக இருக்க வேண்டும். சுத்தமான சி3எஃப்8 0.3 மி.லி. அல்லது எஸ்எஃப்6 0.5 முதல் 0.6 மி.லி. நீர்க்காததால் உள்ளே விரியும்: எஸ்எஃப்6 சுமார் இரண்டு மடங்கு, சி3எஃப்8 மூன்று நாளில் சுமார் நான்கு மடங்கு. ஊசி போட்டதும் ஒளி தெரிகிறதா என்று கேட்டு, தேவையென்றால் முன்னறையிலிருந்து நீரெடுத்துப் பிரஷரை இறக்குவார்கள். ஊசியை மெதுவாக அழுத்தினால் ஒன்றுக்குப் பதில் குட்டிக் குமிழிகள் வரிசையாக வந்து, கிழிசல் வழியே விழித்திரைக்கு அடியில் நழுவும்.

கனடாவில் நடந்த பிவட் ஆய்வு 2019இல் வெளிவந்தது. ஒரே தடவையில் ஒட்டியது இதில் சுமார் 81 சதவீதம், விட்ரெக்டமியில் 93. ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்வை இதில்தான் மேல். கோடு வளைந்து தெரிவதும் குறைவு. தகுதியான கண்ணுக்கு இதைப் பேச்சிலேயே எடுக்காமல் விடுவது எனக்கு உடன்பாடில்லை. ஐந்தில் ஒருவருக்கு இன்னொரு ஆபரேஷன் வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, நோயாளி தேர்ந்துகொள்ளட்டும். மாமாவுக்குப் புரை லென்ஸா, எத்தனை கிழிசல் என்று தெரியாமல் அவர் விஷயத்தில் தீர்ப்பு சொல்ல முடியாது.

சந்தேகராமன் · 7 ஜூன், இரவு 10:10

இதெல்லாம் வர்றதுக்கு முன்னாடி என்ன பண்ணாங்க?

குழிவில்லை · 7 ஜூன், இரவு 10:50

இரு கண்ணையும் கட்டி, தலையை அசைக்காமல் வாரக்கணக்கில் படுக்க வைத்தார்கள். கிட்டத்தட்ட எல்லோரும் பார்வை இழந்தார்கள். கிழிசல்தான் காரணம், அதை மூடினால் போதும் என்று நிலைநாட்டியவர் ஸ்விட்சர்லாந்தின் லொசானில் இருந்த ஜூல் கோனான், 1920களில். சூடான ஊசியால் கிழிசலைச் சுட்டார். கிழிசலைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கே மணிக்கணக்கில் படம் வரைவார். 1949இல் கஸ்டோடிஸ் என்பவர் கண்ணின் வெள்ளைச் சுவரை உள்ளே குழித்தார். பாஸ்டனில் ஷேப்பென்ஸ் இரு கண்ணாலும் பார்க்கும் இன்டைரக்ட் கருவியையும் சுற்றுப்பட்டையையும் பரவலாக்கினார். மயாமியில் மாக்கமர் ஜெல்லை வெட்டியெடுக்கும் கருவியைக் கொண்டுவந்தது 1970 வாக்கில். சென்னையில் சங்கர நேத்ராலயாவை 1978இல் தொடங்கிய பத்ரிநாத்தும் விழித்திரை அறுவை நிபுணர்தான்.

குழிவில்லை · 9 ஜூன், காலை 9:20

சித்தியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். அவருக்குச் சர்க்கரை உண்டா? எண்ணெய் எப்போது எடுத்தார்கள்?

மேலமாசி · 9 ஜூன், காலை 11:00

சர்க்கரை பதினாறு வருடமாக. எண்ணெய் இன்னும் எடுக்கவில்லை. வலி இல்லையே என்று விட்டுவிட்டார். பத்து மாதம் இருக்கும்.

குழிவில்லை · 9 ஜூன், காலை 11:25

அப்படியென்றால் சித்தியுடையது மாமாவின் நோயே இல்லாமல் இருக்கலாம். சர்க்கரையில் விழித்திரை மேல் புது ரத்தக்குழாய்கள் முளைத்து, நார்ச்சவ்வாகி, சுருங்கும்போது விழித்திரையைக் கூடாரம்போட்டு இழுக்கும். கிழிசலே வேண்டாம். மின்னலும் பூச்சியும் இல்லாமல் மெல்ல வரும். மேக்குலாவை இழுக்கவில்லை என்றால் லேசர் போட்டுக் கவனித்துக்கொண்டே இருப்பதும் சரியான வைத்தியம்தான். இழுத்தால் உள்ளே போய்ச் சவ்வைத் துண்டு துண்டாக வெட்டி உரிக்க வேண்டும். ரத்தம் கசியாதிருக்க முன்கூட்டி பெவாசிசுமாப் 1.25 மி.கி. ஊசி போடுவார்கள். போட்டபின் ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது: குழாய்கள் வற்றி நார் இறுகி, இழுப்பு ஒரு வாரத்துக்குள்ளேயே மோசமாகக்கூடும். ஊசிக்குப் பின் காய்ச்சல், கல்யாணம் என்று தேதி மாற்றுவது இங்கே ஆபத்து. இத்தகைய கண்ணுக்கு நீண்ட தாங்கல் வேண்டும் என்பதால் எண்ணெய்.

கிழிசலும் இழுப்பும் இல்லாமல் பின்னாலிருந்து நீர் கசிந்து வரும் மூன்றாவது வகையும் உண்டு. கர்ப்பகால ரத்த அழுத்தம், கண் உள்ளழற்சி, சில கட்டிகள். அதற்குக் காரண நோயைத்தான் பார்க்க வேண்டும், கத்தி கிடையாது.

குழிவில்லை · 9 ஜூன், காலை 11:50

எண்ணெய் தானாகக் கரையாது. வழக்கமாக 3 முதல் 6 மாதத்தில் எடுப்பார்கள். 1000 சென்டிஸ்டோக், 5000 என்று இரண்டு கெட்டி. 1000 போடுவதும் எடுப்பதும் சுலபம், ஆனால் சீக்கிரம் நுண்துளிகளாக உடையும். உடைந்த துளிகள் முன்னறைக்கு வந்து வடிகால் சல்லடையை அடைத்தால் கண்ணழுத்தம் ஏறும், சத்தமில்லாமல் நரம்பு தேயும். வலி இல்லை என்பது ஆதாரமே இல்லை. சிலருக்கு எண்ணெயை நிரந்தரமாகவே விடுவதுண்டு, எடுத்தால் மறுபடி விழும் என்ற கண்ணில். அது டாக்டர் எடுக்கும் முடிவு, மறதியால் எடுக்கும் முடிவு அல்ல. இந்த வாரமே பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள்.

இருபது டயாப்டர் · 9 ஜூன், மாலை 5:30

எண்ணெய் உள்ளபோது கண்ணாடிக்குச் செலவழிக்க வேண்டாம். இயற்கை லென்ஸ் உள்ள கண்ணில் எண்ணெயே +5, +6 அளவுக்குப் பவரைத் தள்ளும், எடுத்ததும் போய்விடும்.

புரையையும் சேர்த்து எடுப்பதாக இருந்தால் லென்ஸ் அளவு எடுப்பதில் ஒரு பள்ளம். ஒலி எண்ணெயில் விநாடிக்கு ஏறத்தாழ 980 மீட்டர்தான் போகும், சாதாரண ஜெல்லில் 1532. ஒலியால் அளக்கும் ஏ-ஸ்கேனில் திருத்தாமல் அளந்தால் கண் உள்ளதைவிட மிக நீளமாகக் காட்டி, தவறான லென்ஸ் போய் உட்காரும். ஒளியால் அளக்கும் கருவியில், எண்ணெய்க்கான முறையைத் தேர்ந்து எடுக்கச் சொல்லுங்கள்.

மேலமாசி · 10 ஜூன், இரவு 7:40

சித்திக்கு வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியாயிற்று. மாமாவுக்கு மேக்குலா விட்டுப்போயிருந்தது என்று சீட்டில் எழுதியிருக்கிறது. பார்வை எவ்வளவு வரும்?

குழிவில்லை · 10 ஜூன், இரவு 9:15

விட்டு எத்தனை நாளில் ஆபரேஷன் என்பதைப் பொறுத்தது. மேக்குலா ஒட்டியிருந்தால் அன்றோ மறுநாளோ செய்யப் பார்ப்பார்கள், இருக்கும் பார்வையைக் காப்பதற்காக. விட்டுப்போயிருந்தால் முதல் மூன்று நாளுக்குள் என்றால் நல்லது, ஒரு வாரத்துக்கு மேல் போகப்போகக் குறையும். வாசிக்கும் அளவு வரலாம். நேர்க்கோடு சற்று வளைந்தோ எழுத்து சிறுத்தோ தெரிவது நீடிக்கலாம். பார்வை தேறுவது ஒரு வருடம் வரை மெல்ல நடக்கும். ஐம்பது தாண்டியவர் என்றால் இரண்டு வருடத்துக்குள் புரை வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அதை ஆபரேஷன் கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம்.

முதல் ஆபரேஷனில் ஒட்டுவது பத்தில் எட்டு ஒன்பது. மீதியில் பெரும்பாலும் காரணம் பிவிஆர்: கிழிசல் வழியே வெளிவந்த நிறமி செல்கள் விழித்திரை மேல் சவ்வாகப் படர்ந்து சுருக்குவது. அது தலைதூக்குவது பெரும்பாலும் நான்கு முதல் பன்னிரண்டு வாரத்தில். அதனால்தான் ஒரு மாதத்தில் எல்லாம் நன்றாக இருக்கிறதே என்று மறுபரிசோதனையை விடக்கூடாது.

பச்சைத்துணி · 10 ஜூன், இரவு 9:40

முதல் வாரம் வலி கூடிக்கிட்டே போய் பார்வை குறைஞ்சா இன்ஃபெக்ஷனா இருக்கலாம், ராத்திரின்னாலும் கிளம்புங்க. உறுத்தல், சிவப்பு, கொஞ்சம் நீர் வடியறது சகஜம். ஸ்டீராய்டு சொட்டை சீட்டுல போட்டபடி படிப்படியா குறைக்கணும். சும்மா நிறுத்தவும் கூடாது, நல்லா இருக்கேன்னு மாசக்கணக்கா விடவும் கூடாது, பிரஷர் ஏறும்.

டிஸ்சார்ஜ் சீட்டுல எந்த கேஸ், எத்தனை சதவீதம், எந்தத் தேதி, கிழிசல் எந்த மணின்னு எழுதியிருக்கா பாருங்க. இல்லேன்னா வார்டுல கேட்டு எழுதி வாங்கிடுங்க. வேற ஊர்ல, வேற டாக்டர்கிட்ட ராத்திரி போக வேண்டியிருந்தா முதல்ல அதைத்தான் கேப்பாங்க.